ஃபிரேமின் கழுத்தில் ஒரு குமிழ்

என்றைக்கும் எனக்குச் சின்னவனான ரவிக்கு,

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நீ இதை வாசிக்கப் போவதில்லை என்பதும் தெரியும். ஆனால் இந்த விஷயத்தைக் கேட்க வேறு ஆள் இல்லை. கேட்க வேண்டியவள் உன் மகள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. மீனு தமிழை எழுத்துக் கூட்டி, கடைப் பலகை அளவுக்குத்தான் வாசிப்பாள். இது அச்சாகப் போகும் பத்திரிகையைத் தொட மாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். இதற்குப் பெயர் தைரியம் இல்லை என்றும் தெரியும்.

உன் பைக்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மும்பை முலுண்ட் வீட்டுப் பால்கனியில் அதை நீதான் துண்டு துண்டாகக் கழற்றி அட்டைப் பெட்டிகளில் வைத்தாய். ஒவ்வொரு பெட்டியிலும் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. "எல்லாத்தையும் பவுடர் கோட்டிங் குடுத்துப் புதுசா மாட்டப் போறேன்க்கா, பாரு" என்று போனில் சொன்னாய். அடுத்த வாரம் குர்லா பிளாட்பாரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை.

பெட்டிகளைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம் என்று உன் மனைவி சொன்னாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆகவில்லை. மீனு விடவில்லை. "அத்தை, அப்பா வண்டிய நான்தான் ஓட்டுவேன். வருஷத் திதி முடிஞ்ச மறுநாள் லோனாவாலா போறேன். நீங்க காலேஜ்ல கெமிஸ்ட்ரிதானே எடுக்கறீங்க, கோட்டிங் டிபார்ட்மெண்ட் உங்களோடது." இப்படியும் ஒரு தர்க்கம். உன் பெண்தானே.

பாடம் நடத்தத் தெரிந்தது ஒன்றுதான் எனக்கு இருந்த தகுதி. வண்ணப் பொடியை மின்னேற்றி இரும்பின் மேல் தூவி, பெரிய அடுப்பில் வைத்துச் சுட்டு, உருக்கிப் படிய வைப்பது. அதற்கு முன்னால் பழைய பெயிண்டையும் துருவையும் மணல் அடித்து, இரும்பு வெறும் இரும்பாகும் வரை எடுக்க வேண்டும். இவ்வளவும் படித்துக்கொண்டுதான் போனேன். தாராவி தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே செல்வத்தின் பட்டறை. அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஃபிரேமை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

"யக்கா, கவலைய விடுங்க. ஃபர்ஸ்ட் கிளாஸா போட்டுத் தாரேன். ஓட்டுத ஆளு போனாலும் நம்ம பெயிண்ட் போவாது."

ஓட்டிய நீ போய்விட்டாய் என்று அவருக்குத் தெரியாதே.

பத்து நாளில் வந்தது. தள்ளி நின்று பார்த்தால் நல்ல கறுப்பு. கிட்டே போனால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. கால் வைக்கும் கம்பி பொருந்துகிற இடத்தில் மீனு நகத்தால் கீறினாள். அவித்த உருளைக்கிழங்குத் தோல் போல உரிந்து வந்தது. ஹேண்டில் வந்து உட்காருகிற கழுத்தின் அடியில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குமிழ்.

"அத்தை, உங்களுக்கு நல்லா டோப்பி போட்டு ஏமாத்திட்டார்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

திருப்பிக் கொண்டு போனேன். அடுப்பு சூடாயிட்டு இருக்கையிலே கரண்ட் போயிட்டு என்றார் செல்வம். மழைக் காலம், பொடி ஈரம் வாங்கிட்டு என்றார். என் வகுப்பில் ரெக்கார்டு நோட்டு கொண்டுவராதவர்கள் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். மறுபடி போட்டுக் கொடுத்தார். உரிந்த இடம் சரியானது. குமிழ் மட்டும் அதே இடத்தில் அப்படியே வந்தது.

"பிம்பிள் மாதிரி இருக்கு அத்தை. எத்தனை தடவை போட்டாலும் அங்கயே வருது. சலேகா, பரவால்ல, விடுங்க. ஹேண்டில் மாட்டினா தெரியாது."

விட்டிருக்கலாம். அவள் விடச் சொன்னாள் ரவி. நான்தான் விடவில்லை. எவன் வேலையையும் நம்பாத புத்தி என்று நீ கேலி செய்வாயே, அந்தப் புத்தி.

போன சனிக்கிழமை காலை மூன்றாம் முறையாகப் போனேன். என் கண் முன்னால் சுரண்டச் சொன்னேன்.

"டீச்சரம்மா பேப்பர் திருத்துத மாதிரிலா நிக்கீங்க" என்றார் செல்வம்.

"மணல் அடிச்சீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

செல்வம் ஃபிரேமைக் கீழே வைத்தார். "அடிக்கல. பழைய பெயிண்டு கெட்டியா இருந்துச்சி. கம்பி பிரஷ் போட்டுத் தேச்சிட்டு மேலயே போட்டுட்டேன். எல்லாரும் அப்படித்தான்க்கா செய்யுதாவ. நான் மட்டும் ஊருக்கு மாத்தியா?"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் இருக்கும்.

பெயிண்ட் உரிக்கும் திரவத்தைக் கழுத்தில் தடவினார். புதுக் கறுப்பு சுருங்கி எழும்பியது, அதன் கீழே உன் பழைய பச்சை. துணியால் துடைத்ததும் அவர் கை நின்றது. ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டினார். குழாயின் மற்ற இடமெல்லாம் கணீரென்றது. அந்த இடம் மட்டும் சத்தமே தரவில்லை.

"யக்கா, இது இரும்பு இல்ல. தண்ணி டாங்கி ஓட்டை அடைப்பாவள்லா, அந்தப் பசை. அடுப்புச் சூடு ஏற ஏற உள்ள பொங்கிருக்கு. எம்மேல தப்பு இருக்கு, இல்லைங்கல. குமிழுக்கு நான் பொறுப்பில்ல."

பசையை நெம்பி எடுக்க நெம்பி எடுக்க, கீழே ஒரு விரிசல் தெரிந்தது. குழாயைப் பாதிச் சுற்று சுற்றி, தலைமயிர் மாதிரி ஓடியது. பெயர்ந்து வந்த பசைத் துண்டை என் கையில் வைத்தார். அதில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

விரல் யாருடையதாகவும் இருக்கலாம். எந்த மெக்கானிக்கின் விரலாகவும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ரவி, அந்த இரண்டு நிறப் பசையைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து எங்கள் செம்பூர் வீட்டுக் குளியலறைக் குழாயை அடைத்தது யார்? குக்கர் கைப்பிடி? என் மேஜையின் கால்? கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்கியது யார்?

ஒரு மழைக் காலத்தில் சயான் பாலத்தடியில் குழியில் விட்டு விழுந்தாய். முழங்கை சிராய்ப்போடு வந்து நின்று, "வண்டிக்கு ஒண்ணுமில்லக்கா, இண்டிகேட்டர் மட்டும் போச்சு" என்றாய். அன்றைக்கா? அதற்குப் பிறகு எத்தனை வருஷம் மீனுவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாய்? ஸ்டேஷனுக்குத் தினமும். லோனாவாலா மலையேற்றத்தில், லாரிகளுக்கு நடுவில். உனக்குத் தெரியுமா, தெரியாதா? அடுத்த மாசம் வெல்டிங் செய்துகொள்ளலாம் என்று ஒவ்வொரு மாசமும் நினைத்தாயா? வண்டியைக் கழற்றியதே அதைச் சரி செய்யத்தானா?

கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் கிடைத்தால் போதும் எனக்கு. அதற்காக அன்று மத்தியானமே முலுண்ட் போய் உன் சீட்டுகளைப் பார்த்தேன். 'ஃபிரேம் - பவுடர் கோட்டிங், கறுப்பு.' அவ்வளவுதான். வெல்டிங் என்ற சொல் எந்தச் சீட்டிலும் இல்லை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

காலையில் பட்டறையிலேயே செல்வத்திடம் கேட்டிருந்தேன், இப்போது வெல்டிங் அடித்தால் சரியாகிவிடுமா என்று. "அடிக்கலாம். பாக்கதுக்கு ஜோரா இருக்கும். ஆனா கழுத்து யக்கா. எம் மவளா இருந்தா நான் ஏத்த மாட்டேன்." ஃபிரேமையே மாற்றினால்? வண்டியின் சேஸிஸ் எண் அந்தக் கழுத்தில்தான் அடித்திருக்கிறது, மாற்றினால் காகிதப்படி அது உன் வண்டியே இல்லை என்றார். இரண்டு தடவை என்னிடம் பொய் சொன்ன மனிதர். இந்த ஒன்றை மட்டும் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

பட்டறைக்கு வெளியே வந்ததும் மீனு போன் செய்தாள். "என்ன அத்தை, பிம்பிள் போச்சா?"

"இன்னும் ஒரு வாரம் ஆகும்டா" என்றேன்.

பார்த்தாயா? அவர் பெயிண்டின் மேல் பொடியைப் போட்டார், நீ விரிசலின் மேல் பசையைப் போட்டாய், நான் இதைப் போட்டேன். அதை நான் யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது. அவள் ஹெல்மெட் வாங்கிவிட்டாள், பச்சை நிறம். லோனாவாலாவில் நீயும் அவளும் டீ குடித்த கடையை மேப்பில் குறித்து வைத்திருக்கிறாள். "அப்பாவுக்குப் பின்னாடி உக்காந்தா எனக்கு பயமே வராது அத்தை" என்று எல்லாரிடமும் சொல்வாள். திதிக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை.

எந்தப் புத்தகத்தைப் புரட்டி இதைச் சொல்வது? வண்டி போனது என்று சொல்வது சுலபம், அதை அவள் தாங்குவாள். ஏன் போனது என்று கேட்பாளே.

இந்தச் சனிக்கிழமை அவளைத் தாராவிக்கு அழைத்துப் போகிறேன். ஃபிரேம் எப்படி இருக்கிறதோ அப்படியே காட்டுவேன். விரிசலில் விரல் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் பார்க்கட்டும். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்பாள். உனக்காக ஒரு பதிலை நான் தயார் செய்ய மாட்டேன், உனக்கு எதிராகவும் செய்ய மாட்டேன். எனக்குத் தெரியாது என்று சொல்வேன். சொல்லிவிட்டு அங்கேயே அவள் பக்கத்தில் நிற்பேன். அவள் பேசினாலும் பேசாவிட்டாலும் முலுண்ட் வரை ரயிலில் கூடவே வருவேன். இதற்கு மேல் வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை.

உன்மேல் கோபப்படவும் முடியாமல் இருக்கும்
உன் ஒரே அக்கா,
சாந்தா