இரண்டாவது கையெழுத்து

பிப்ரவரி 9, திங்கள்

சீருடைக் கால்சட்டையின் மேல் பொத்தான் இன்றோடு ராஜினாமா செய்துவிட்டது. ஊக்கு குத்திக்கொண்டு விமானம் பழுது பார்த்தேன்.

நாலு பேர் உட்காரும் பயிற்சி விமானம் அது. கொட்டகையில் அதற்குக் 'குட்டி' என்று பெயர். அதன் இறக்கைக்குள் ஓடும் கம்பிக் கயிற்றைத் துணியால் துடைத்துக்கொண்டே போனார் மாப்பிள்ளை. ஓரிடத்தில் துணி மாட்டியது. மாட்டினால் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று இழை. இனி இரண்டு இறக்கைக்கும் புதுக் கயிறுதான்.

மாப்பிள்ளை என் தங்கையின் கணவர். இங்கே சேர்த்துவிட்டதே நான்தான். நான் கூப்பிடுவதைக் கேட்டு முதலாளியிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்கிறார்கள். மாப்பிள்ளை மரியாதைதான் யாரும் செய்வதில்லை.

பிப்ரவரி 11, புதன்

கயிறு வந்தது. நீளம் தப்பு. திருப்பி அனுப்பினோம்.

பிப்ரவரி 13, வெள்ளி
மாலை 6.30

சரியான கயிறு காலையில் வந்தது, மாலைக்குள் பூட்டியாயிற்று. நாளின் பெரிய செய்தி அதுவல்ல. ஸ்டோர்ஸ்காரர் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார். கருப்பு என்று நினைத்து அடித்தாராம். வெளிச்சத்தில் ஊதா. காதோரம் கொஞ்சம் வழிந்து அதுவும் ஊதா.

இதை மாப்பிள்ளையிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. சோதனை நேரத்திலேயே சொல்லிவிட்டேன். விமானத்தைத் திருப்பும் உறுப்புகளில் கை வைத்தால் ஒருவர் பூட்ட வேண்டும், இன்னொருவர் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு கையெழுத்து. இரண்டாவது என்னுடையது. மாப்பிள்ளை விமானி இருக்கையில் உட்கார்ந்தார். நான் இறக்கை ஓரம் நின்று காதோர ஊதாவை விவரித்தேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி கைச்சக்கரத்தை இடது பக்கம் திருப்பினார். இடது இறக்கையின் பின்விளிம்பில் அந்தக் கயிறு இழுத்து அசைக்கும் கீல் போட்ட பலகை, எய்லரான் —

பலகை —

மேலே போனதா?

அசைந்தது. அது நிச்சயம். எந்தப் பக்கம் அசைந்தது? ஸ்டோர்ஸ்காரரின் காது அப்படியே கண்ணில் நிற்கிறது. பலகை இல்லை. 'சரி, இறங்குங்க' என்றேன். போய்க் கையெழுத்துப் போட்டேன். முத்திரையும் குத்தினேன்.

இடது பக்கம் திருப்பினால் இடது பலகை மேலே போக வேண்டும், வலது பலகை கீழே. மேலே போன பலகை தன் இறக்கையின் தூக்கலைக் குறைக்கும், அந்தப் பக்கம் தாழும். மறுபக்கம் எழும்பும். விமானம் இடது பக்கம் சாயும். கயிறுகளை மாற்றி மாட்டியிருந்தாலும் பலகைகள் இதே மாதிரி வழவழவென்றுதான் அசையும். விமானம் வானில் ஏறிய பிறகு காற்று ஒரு இறக்கையைத் தள்ளும். விமானி நிமிர்த்தத் திருப்புவார், இன்னும் சாயும். இன்னும் திருப்புவார்.

நாளை காலை ஆறரைக்குச் சோதனைப் பறப்பு. கேப்டன் தனியாகப் போகிறார்.

7.05

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, எய்லரான் கயிறு..."

"பக்காவா இருக்கு அக்கா. ஏன்?"

"திருப்புனப்ப எந்தப் பக்கம் போச்சுன்னு நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன், உங்க கதையில கண்ணுல தண்ணி வந்துருச்சு. நீங்கதானே வெளிய நின்னீங்க. பாத்தீங்கல்ல?"

"ம்" என்றேன்.

அந்த 'ம்'மை எப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொன்னது. அவருக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகிறது. அதை நினைத்துத்தான் சொன்னேனா? இல்லை. என்னை நினைத்து.

7.40

கேப்டன் போனை அணைத்திருக்கிறார். பறப்புக்கு முந்தைய மாலை அவர் வழக்கம் அது. தலைமைப் பொறியாளருக்குப் போட்டேன். இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். சொன்னால் சோதித்துக் கையெழுத்திடும் உரிமை, அந்த முத்திரை, போய்விடும். இருபத்திரண்டு வருஷம்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார் வீட்டுக்காரர். ஊக்கு குத்துகிறது என்றேன்.

பறப்பதற்கு முன் கேப்டனும் ஒருமுறை அசைத்துப் பார்ப்பார். ஆக மூன்று பேர். நான் மாப்பிள்ளையை நம்பினேன். மாப்பிள்ளை என்னை நம்பினார். கேப்டன் எங்கள் இரண்டு கையெழுத்தையும் நம்பிவிட்டால்?

காலை ஐந்தரைக்குள் போய் ஓசையில்லாமல் நானே அசைத்துப் பார்த்துவிட வேண்டும். சரியாக இருந்தால் யாருக்கும் தெரியவே வேண்டாம்.

பிப்ரவரி 14, சனி

முதல் பேருந்து வரவில்லை. இரண்டாவது வந்தது, நடுவழியில் நின்றது. மீதி தூரம் நடந்தேன். நடந்தேன் என்று எழுதுவது கௌரவத்துக்காக. ஓடினேன்.

வாசலைத் தாண்டும்போது மணி ஆறு இருபத்தைந்து. குட்டி வெளியே நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது. மாப்பிள்ளை தீயணைப்புக் குடுவையோடு பக்கத்தில் நிற்கிறார். விமானம் மெல்ல நகரத் தொடங்கியது.

கேப்டன் கண்ணில் படும்படி, தள்ளி நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே போட்டேன். ஒரு கையில் கைப்பை, இன்னொன்றில் சாப்பாட்டு டப்பா. விமானம் நின்றது. பிறகு மூக்கில் இருந்த சுழலியும் நின்றது.

கேப்டன் ஜன்னலைத் திறந்தார். "என்னம்மா, வழியனுப்ப வந்தீங்களா?"

"கேப்டன், நான் பாக்காம கையெழுத்து போட்டுட்டேன்."

மாப்பிள்ளை குடுவையைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"இடது பக்கம் திருப்புங்க" என்றேன்.

இடது பலகை மேலே போனது.

சுற்றிக்கொண்டு வலது இறக்கைக்குப் போனேன். கீழே. இப்போது வலது பக்கம் திருப்பச் சொன்னேன். வலது மேலே. திரும்பச் சுற்றி வந்தேன், இடது கீழே. எல்லாம் சரி. மாப்பிள்ளையின் வேலையில் நூல் பிசகவில்லை.

"சரியாத்தானே இருக்கு?" என்றார் கேப்டன்.

"எஞ்சின் போட்டதும் நீங்களும் அசைச்சிருப்பீங்களே?"

"அசைச்சேன்."

"பாத்தீங்களா?"

அவர் காதுக் கருவியைக் கழற்றினார். கொஞ்சநேரம் அதையே பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

நாற்பது நிமிடம் பறந்தார். நாற்பது நிமிடமும் நான் உட்காரவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

தலைமைப் பொறியாளர் கத்துவார் என்று தயாராகப் போனேன். கத்தவில்லை. "வேலை சரி, கையெழுத்து பொய்" என்று கையை நீட்டினார். முத்திரையைக் கொடுத்தேன். இரண்டு மாதம்.

பலகை எந்தப் பக்கம் போனது என்று நான் வாய்விட்டுச் சொல்லாத சோதனையை ஒத்துக்கொண்டதற்காக மாப்பிள்ளைக்கும் மெமோ. நிரந்தரம் தள்ளிப்போகிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

தங்கை போன். "தப்பே இல்லாத வேலைக்கு நீயா போய்த் தலைய குடுத்த. சரி, அது உன் தலை. அவர் தலைய எதுக்குக்கா சேத்துக் குடுத்த?"

"பறக்குறது கேப்டன்டி."

"ஒண்ணும் ஆகலையே."

"அது எனக்கு முன்னாடி தெரியாதே."

வைத்துவிட்டாள்.

மார்ச் 3, செவ்வாய்

மாப்பிள்ளை ஸ்பேனர் கேட்டார். எனக்குப் பின்னால் நின்றவரிடம்.

ஏப்ரல் 20, திங்கள்

வியாழனன்றே முத்திரை திரும்பி வந்தது. இன்றுதான் முதல் சோதனை. இன்னொரு விமானம், வாலில் இருக்கும் பலகை, எலிவேட்டர். பூட்டியவர் மாப்பிள்ளை. பார்ப்பதற்கு வேறு ஆள் இல்லை.

நான் வாலருகே நின்றேன். கைச்சக்கரத்தை இழுத்தால் பலகை மேலே வர வேண்டும். வால் அழுந்தும், மூக்கு நிமிரும். வாயைப் பசை போட்டு ஒட்டியதுபோல் வைத்திருந்தேன்.

"இழுக்கறேன்" என்றார் உள்ளேயிருந்து.

பலகை கீழே போனது.

"நிறுத்துங்க. கீழ போகுது."

பலகை கீழேயே நின்றது.

"மாப்ள, கீழ போகுது. இழுத்தா மேல வரணும். கைய எடுத்துட்டு இறங்குங்க, கயிற பாக்கணும்."

ஜன்னல் வழியாகத் தலை எட்டிப் பார்த்தது. "நான் இழுக்கல அக்கா. தள்ளினேன்."

"எதுக்கு?"

"பாக்குறீங்களான்னு பாத்தேன்."

இரண்டு மாதத்தில் என்னிடம் அவர் பேசிய நீளமான பேச்சு. திட்டலாமா என்று யோசித்தேன். பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப நெசமா இழுக்கறேன்."

"மேல" என்றேன்.

"தள்ளறேன்."

"கீழ."

படிவத்தை அவரே கொண்டுவந்து நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை நின்றுவிட்டு, மை காய ஊதிக்கொண்டே சொன்னார்: "சாயந்திரம் வீட்டுக்கு வரணுமாம். உங்க தங்கச்சி சொல்லச் சொன்னா."