முகமூடியும் துண்டும்

செவ்வாய், இரவு

இன்று ஏழாம் வகுப்புக்கு ஒரு காமிக்ஸ் படித்துக் காட்டினேன். பெரிய கோடீஸ்வரன் ஒருவன் முகமூடி போட்டுக்கொண்டு ஊரைக் காப்பாற்றும் கதை. பாதியில் செல்வி எழுந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், பணக்காரருங்கறதாலதான அவர யாரும் புடிக்கல? தேன் எடுக்கப் போன எங்கப்பா மூஞ்சில துண்டு கட்டியிருந்தாருன்னு, எஸ்டேட் பங்களாக்காரங்க திருடன்னு தொரத்துனாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கடைசிப் பீரியடில் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். செல்வியின் அப்பா பெயரைச் சொல்லி, வீடு எங்கே என்று மரியாதையாகக் கேட்டார்கள். ஏதோ ஆபீஸ்காரர்கள் என்று நினைத்து, மிளகுத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் வீட்டைக் கை காட்டினேன்.

பள்ளி விட்டதும், ஜீப்பில் ஆள் வந்து அப்பாவைக் கேட்டதைச் செல்வியிடம் சொன்னேன்.

"பச்சை ஜீப்புங்களா டீச்சர்?"

"ஆமா கண்ணு."

"அது பங்களா ஜீப்புங்க. அங்க நகை காணோமுன்னு தேடறாங்க." சொல்லிவிட்டு ஓடினாள்.

மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். மேடேறி மூச்சு வாங்க நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு தீய்ந்து புகைந்தது. செல்வி, செல்வி என்று கூப்பிட்டேன். உள்ளே யாரும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"நாங்க எதையும் பாக்கலீங்க டீச்சர்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவரிடம் நான் இன்னும் எதுவுமே கேட்டிருக்கவில்லை.