வட்டம் போட்ட முகங்கள்

14 ஜூலை 2025, திங்கள்

படம், வீடியோக்களை அலசித் தகவல் திரட்டும் பயிற்சி வகுப்பு கல்லூரியில் இன்று தொடங்கியது. எம்.எஸ்சி. கடைசி ஆண்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரை எடுத்திருக்கிறார்கள். என் பெயர் இருந்தது. அறைத்தோழி ஜாய்சியின் பெயரும். நடத்துபவர் ஜேசுதாசன் சார். ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "எல்லையில நிக்கவன் மட்டும் காவல் இல்ல. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கவனும் காவல்தான்" என்றார். வருடக் கடைசியில் பெங்களூரிலிருந்து வந்து ஆள் எடுப்பார்களாம். மத்திய அரசு வேலை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "வீடு குடுப்பாவளா?" என்றாள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

மணிமுத்தாறு போய் வந்தேன். 'வீட்டுக்கு' என்று எழுதக் கை வரவில்லை. மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மூடி, மலையை விட்டு இறங்கியபின் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. அம்மா இன்னும் கம்பளியை மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். இந்தப் புழுக்கத்தில் யாருக்குக் கம்பளி?

அப்பாவுக்கு அரிசி ஆலையில் காவல் வேலை. ஓய்வு நாளில் அம்பாசமுத்திரம் போய்விடுகிறார். மலையை விட்டு இறங்கிய குடும்பங்கள் வீடு கேட்டு அங்கே கூடி உட்காருகின்றன. அப்பாவுக்கு மேடையில் பேச வராது. வருகிறவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுப்பாராம். "எம் பிள்ள நாட்டையே காவல் காக்கப் படிக்குதுன்னு எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்" என்று சிரித்தார்.

22 ஆகஸ்ட்

ஒரு புகைப்படத்தை மட்டும் வைத்து, அது எடுக்கப்பட்ட தெருவைக் கண்டுபிடிக்கும் போட்டி. நான்தான் முதல். "உனக்குக் கண்ணு இருக்கு, பிருந்தா" என்றார் சார்.

10 செப்டம்பர், புதன்

இறுதிப் பயிற்சி கொடுத்துவிட்டார்கள். இருவர் இருவராகச் செய்ய வேண்டும். நம் பக்கத்தில் நடக்கிற ஒரு கூட்டத்தின் வீடியோக்கள். யூடியூபில், ஃபேஸ்புக்கில் எவரும் பார்க்கலாம். யார் அடிக்கடி வருகிறார், யார் யாரோடு பேசுகிறார், யார் இல்லாவிட்டால் கூட்டம் கலையும் என்று பார்த்து, முகங்களுக்கு வட்டம் போட்டுக் கோடு இழுத்து வரைபடமாகக் கொடுக்க வேண்டும்.

எனக்கும் ஜாய்சிக்கும் வந்தது அம்பாசமுத்திரம்.

முதல் வீடியோவிலேயே அப்பா.

ஜாய்சி அப்பாவைப் பார்த்ததில்லை. நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

12 செப்டம்பர்

"இவங்க என்ன தப்பு செஞ்சாங்க சார்?" என்று கேட்டேன்.

"தப்புன்னு யாரும்மா சொன்னா? பயிற்சிதானே. வகுப்பை விட்டு வெளிய போகாது."

அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் வேறு கூட்டம் கொடுத்திருப்பார். ஆனால் ஆள் எடுக்கிறபோது அதை நினைவில் வைத்துக்கொண்டால்? பேசாமல் வந்துவிட்டேன்.

18 செப்டம்பர், வியாழன்

வேலை முடிந்தது. கடைசியில் ஜாய்சிதான் கவனித்தாள். "ஏட்டி, இந்த நீலத் துண்டுக்காரரு வாயே தொறக்க மாட்டேங்காரு. ஆனா எல்லாரும் இவர்ட்ட வந்துட்டுத்தான் போறாவ. இவருதான் தலைவரு போல."

டீ வாங்க வருகிறார்கள், ஜாய்சி. டீ வாங்க!

மனசுக்குள்தான் சொன்னேன். எல்லாக் கோடும் அப்பாவிடம் போய் முடிந்தது. நடுவில் பெரிய வட்டம். சிவப்பு நிறம் ஜாய்சி கொடுத்தாள். அனுப்பு என்பதை அழுத்தியது என் விரல்.

26 செப்டம்பர்

எங்களுக்கு முதல் பரிசு. பரிசளிப்புக்கு வெளியிலிருந்து வந்திருந்த அதிகாரிகளில் ஒருவர் வரைபடத்துக்கு ஒரு பிரதி கேட்டார். சார் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

19 அக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. அப்பாவுக்கு வேலை போய்விட்டது.

போன வாரம் ஆலைக்கு இரண்டு பேர் வந்து அப்பாவை விசாரித்திருக்கிறார்கள். "நீதான் கூட்டத்துக்குத் தலைவனாமே?" "நான் டீ ஊத்துதவன்யா" என்று அப்பா சிரித்தாராம். அவர்கள் சிரிக்கவில்லை. மறுநாள் முதலாளி, "நீ இனி வராண்டாம்வே, எனக்கு எதுக்கு வம்பு" என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு ஞானசிகாமணி மாமா மேல் சந்தேகம். எஸ்டேட் லயன் வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இங்கேயும் பக்கத்துத் தெரு. "அவன்தான் போட்டுக் குடுத்திருக்கான். கூட இருக்கவனத் தவிர யாருக்குத் தெரியும்?" இருவருக்கும் இப்போது பேச்சே இல்லை.

காய்ச்சல் என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

3 நவம்பர், திங்கள்

சாரிடம் போனேன். "வெளிய போகாதுன்னீங்களே சார்."

"கேட்டாவ, குடுத்தேன். அவங்களும் சொல்லிக்குடுக்கத்தான் கேக்காவன்னு நெனச்சேன்மா."

"அந்த நடு வட்டம் எங்க அப்பா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்த மாதிரித்தான் இருந்தது. பிறகு மெதுவாக, "இத இன்டர்வியூல சொல்லிராத" என்றார்.

9 நவம்பர், ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

லேப்டாப்பைத் திறந்து காட்டவும் செய்தேன். அப்பா குனிந்து பார்த்தார். தன் முகத்தில் கண் நிற்கவேயில்லை. மற்ற வட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "இது பேராச்சி. இது ஞானசிகாமணி. இது அவன் வீட்டுக்காரி…" விரல் நின்றது. "இத்தன பேரையுமா பிள்ளே?"

திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போய்த் தெருமுனையில் நின்றேன். வாசலில் நின்றபடியே சொன்னார்: "உன்னத் தப்பா நெனச்சிட்டேன்வே. எம் பிள்ளதான்."

மாமா என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

4 டிசம்பர், வியாழன்

இன்டர்வியூவுக்குப் போனேன். எதையும் சொல்லவில்லை. அப்படியும் என்ன ஆசையோ எனக்கு! இன்று முடிவு வந்தது. நானும் ஜாய்சியும்.

8 டிசம்பர், திங்கள்

சேர விருப்பமில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கவர்மெண்ட் வேலைய எவளாவது வேண்டாம்பாளா? வாடகைக்கு வழியில்ல. நீ போவாட்டா அந்தப் படம் அழிஞ்சிருமா?"

அழியாது அம்மா. தெரியும்.

அப்பா, "சவத்த விடு" என்றார். அம்மாவிடம் சொன்னாரா, என்னிடமா? என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜாய்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு எல்லாம் இப்போதுதான் தெரியும். அவள் போகிறாள். போகட்டும், அவள் வீட்டிலும் அவளை நம்பித்தான் இருக்கிறார்கள்.

14 டிசம்பர், ஞாயிறு

அப்பாவோடு அம்பாசமுத்திரம் போனேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தோம்.

கூட்டம் குறைந்திருந்தது. பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். வரைபடம் பற்றி அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பேராச்சி அத்தை எனக்கு நேர் எதிரே இருந்தாள். எனக்கு நடை வராத வயதில் முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்தவள் அவள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து, கண் மட்டும் தெரிய முகத்தை மூடிக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர்.

"நான் அந்த வேலைக்குப் போகல அத்தை" என்றேன்.

"சரிட்டி" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை. மாலையில் கூட்டம் கலையும்வரை அங்கேயே இருந்தேன். அந்த முந்தானை இறங்கவேயில்லை.