கேட்டுக்கு வெளியே நின்ற மாமியார்

அன்பு மகள் குட்டிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் இருமல் மட்டும் அவரைவிடச் சுகமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் அண்ணி புகையிலைக் கிடங்குக்குப் பொறுப்பாகப் போனபோது, நெடிக்கே மயங்கி விழுவாள் என்று கேலி செய்தாயே, இனி வாயைத் திறக்காதே. இங்கே விடாத மழை. பக்குவம் செய்த இலைக்கு ஈரக்காற்று ஆகாது, இலையைக் கட்டிவைத்த சிப்பம் உள்ளுக்குள்ளேயே சூடேறிப் பூசணம் பிடித்துவிடுமாம். முதலாளியோ, வியாபாரி வருகிறார், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று எல்லாச் சிப்பங்களையும் சுவரோடு ஒட்டி, இடைவெளியே இல்லாமல் அடுக்க வைத்துவிட்டார். மறுநாள் காலை இவள் அடுக்குக்குள் கையை நுழைத்துப் பார்த்தால் வெதுவெதுவென்று இருந்திருக்கிறது. யாரையும் கேட்கவில்லை, சுமை தூக்குபவர்களைக் கூப்பிட்டு முழு அடுக்கையும் பிரித்து, சூடேறியதைத் தனியே ஆறவிட்டு, மீதியைச் சுவரைவிட்டுத் தள்ளி, பலகைமேல், காற்றுக்கு வழிவிட்டு, அடியில் இருந்தது மேலே வரும்படி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். முதலாளி வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாராம், வியாபாரி முகம் சுளித்தால் நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்றே சொல்லிவிட்டாராம். இவள் நிதானமாக, "அழகு வேணும்னா சுவத்துல படம் மாட்டுங்க சார், இது மூச்சு விடணும்" என்றாளாம். வேலை போச்சு என்று உன் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வந்த வியாபாரி முன்வரிசையைத் தொடவே இல்லை, நடுவிலிருந்து ஒன்றை இழுத்துப் பிரிக்கச் சொல்லி, இலையை முகர்ந்து, விரலில் சுற்றிப் பார்த்து, இதைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று கேட்டாராம். முதலாளியே இவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினாராம். மொத்தச் சரக்கும் விலைபோய்விட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது குட்டி.

ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அவளுக்கு அனுப்பிய வாசனைக் கிரீமை அவள் தொடவில்லை. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் இலை இழுத்துக்கொள்ளுமாம். வீணாகக் கூடாதே என்று நான்தான் பூசிக்கொள்கிறேன். நேற்று அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உரிமையோடு கிடங்குக்குள் நுழையப் போனேன், தூரத்திலேயே மூக்கைச் சுருக்கி, "அத்தை, அங்கயே நில்லுங்க" என்று கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டாள். கொட்டுகிற மழையில் குடையோடு நின்றேன். திரும்பும் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், என் மருமகள் என்னையே உள்ளே விடவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள். அடுத்த முறை அவளுக்கு வாசனை இல்லாததாகப் பார்த்து அனுப்பு, எனக்கு இதே கிரீம் போதும்.

இன்னும் குடை காயாத,
உன் அம்மா