பிறக்காத பிள்ளைக்கு மார்க்

ஜனவரி 19, திங்கள்

காலையில் தூறல். காயப்போட்ட மிளகை உள்ளே இழுத்துப் போட்டு, மதியத்துக்குப் பிறகு திரும்ப வெளியே. முழங்கால் வலி. வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், தீப்பெட்டி, பேத்தி பவிக்கு எழுதக் கொப்பி.

மாலை அமெரிக்காவிலிருந்து மகள் கௌரி போனில். கல்யாணமாகி இத்தனை வருடமாகப் பிள்ளை இல்லை அவளுக்கு. இப்போது ஆஸ்பத்திரியில் இரண்டு கரு உண்டாக்கி ஐஸில் வைத்திருக்கிறார்களாம். அதுவரை சந்தோஷம். பிறகு ரிப்போர்ட் என்றாள். ஒன்றாம் நம்பருக்கு நல்ல உயரம், படிப்பும் வரும். இரண்டாம் நம்பர் ஆரோக்கியம், ஆனால் படிப்பு மட்டு.

மாப்பிள்ளை தினேஷ் குறுக்கே வந்தார். "அத்தை, இப்ப பொறுக்கி எடுக்கத்தான் முடியும். இன்னுங் கொஞ்ச காலத்துல ஜீனையே மாத்தி மூளையக் கூட்டலாங்க."

"கூட்டி?"

"கெட்டிக்காரப் புள்ளயா வருமே."

"நீங்க ரெண்டு பேரும் மாத்தாமத்தானே வந்தீங்க?"

கௌரி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

நோயைத் தடுக்க என்றால் நானே முதலில் சரி சொல்வேன். இது வேறு வாடை.

21, புதன்

மிளகு வியாபாரி வந்தார். கொடியில் பச்சையாகத் தொங்குவதைப் பார்த்தே இவ்வளவு தேறும் என்று விலை பேசுகிறார். காயட்டும், பிறகு பேசலாம் என்று அனுப்பினேன். போன பிறகு கௌரியின் ரிப்போர்ட் ஞாபகம். அந்த ஆஸ்பத்திரிக்காரனுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

மருமகள் செல்வியிடம் சொன்னேன். "நீங்க மட்டும்? பத்துல எட்டுப் பொருத்தம்னு சாதகம் பாத்துத்தானே என்னைய எடுத்தீங்க. அதுவும் மார்க்குத்தான் அத்தை."

வாய் நீளம். சாதகம் பார்த்தபோதே இவள் பிறந்து நடமாடிக்கொண்டிருந்தாளே என்று, அவள் எழுந்து போய் உலையில் அரிசி போட்ட பிறகுதான் தோன்றியது.

27, செவ்வாய்

முத்துமாரியம்மன் கோயில். இரண்டு பிள்ளை பேருக்கும் அர்ச்சனை. ஐயர் நட்சத்திரம் கேட்டார். "இன்னும் பொறக்கல சாமி" என்றேன். பேர்? "ஒண்ணு, ரெண்டு." அவர் பார்த்த பார்வை! கடைசியில் கௌரி பேருக்கே செய்தார்.

மாலை கௌரி. நேற்று ஒன்றாம் நம்பரை வயிற்றில் வைத்துவிட்டார்களாம். நன்றாக இருக்கட்டும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. படிப்பு வரும், வராது என்று எதை வைத்துச் சொல்கிறான் என்று கேட்டேன்.

"எக்கச்சக்கமான ஆளுங்க எத்தன வருசம் படிச்சாங்கன்னு கேட்டு, அவங்க ஜீனோட ஒப்பிட்டுப் பாக்குறாங்கம்மா."

"என்னையக் கேட்டா?"

"அஞ்சுன்னு போடுவாங்க."

அஞ்சு. எல்கடுவ தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அந்த ஐந்து வகுப்பிலும் நான்தான் முதல். ஆறாவதுக்கு மாத்தளைக்கு வர வேண்டும். பஸ்ஸுக்கு வழியில்லை. அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போனால் தம்பியைப் பார்க்க ஆளும் இல்லை. இது எந்த ஜீன்? கேட்டேன். "அதெல்லாம் கழிச்சுத்தாம்மா பாப்பாங்க" என்கிறாள். எப்படிக் கழிப்பான்? தம்பி யார் இடுப்பில் இருந்தான் என்று வந்து பார்த்தானா?

பவி, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே. பதினொன்றாம் வகுப்பு ஓ.எல் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ. என் பேத்தி. அவளையும் யாராவது முன்கூட்டி எழுதி வைத்திருந்தால்?

பெப்ரவரி 7, சனி

நல்ல வெயில். மிளகு சுருங்கிக் கறுத்துவிட்டது.

ஒன்றாம் நம்பர் தங்கவில்லை.

போனில் கௌரி ஒரே அழுகை. நானும். அத்தனை மார்க் போட்டவன், தங்குமா என்று ஒரு வார்த்தை போடவில்லையே.

செல்வி கேட்காமலே தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

9, திங்கள்

திரும்ப ஊசி போட்டுப் புதிதாகக் கரு எடுக்கலாம் என்கிறாராம் தினேஷ். நல்ல மார்க்கோடு ஒன்று கிடைக்குமாம். கௌரிக்கு நாற்பத்தொன்று. போன தடவை ஊசியிலேயே வயிறு வீங்கிப் படுத்துக் கிடந்தவள்.

"அப்ப ரெண்டாம் நம்பரு?"

"பயமா இருக்கும்மா. இங்க எல்லாரு புள்ளைங்களும் நல்லாப் படிக்குதுங்க. இது மட்டும் பின்னால நின்னா?"

"ஒனக்கு அது வேணாமா?"

"எனக்கு வேணும்." பட்டென்று வந்தது. "அதுக்குக் கஷ்டமாகுமோன்னுதான்."

"அஞ்சாவது வரைக்குமாவது வரும்னு போட்டிருக்கானா?"

"அம்மா!"

"அஞ்சு வரைக்கும் நான் சொல்லிக் குடுக்குறேன். அதுக்கு மேல பஸ்ஸுல ஏத்திவிட நீ இருக்கே. எனக்குத்தான் அப்ப ஆள் இல்ல."

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "அடுத்த மாசம் அத வைக்க எந்த நாள் நல்லாருக்குன்னு பாருங்கம்மா. அவருக்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பஞ்சாங்கம் பார்த்தாயிற்று. மார்ச் கடைசியில் வளர்பிறை வியாழன் ஒன்று இருக்கிறது. தினேஷ் என்ன சொல்வாரோ, நம்ப முடியாது. நாளை மிளகு நிறுக்க வேண்டும்.