தவறி

பழைய நண்பனுக்கு,

இங்கு நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். செய்தி ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த யாருக்கும் முதுகுவலி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அது எனக்கு வரவேண்டிய நாற்காலி என்று மறுபடி ஆரம்பிக்க மாட்டேன். பதினொரு வருடமாக உனக்கு எழுதாமல் இருந்ததே அதற்காகத்தான். இந்தக் கடிதம் வேறு விஷயம்.

போன மாதம் ஒன்பதாம் தேதி, உன் பத்திரிகையின் ஐந்தாம் பக்கம், கீழ் மூலை: 'தவறி விழுந்து பெயிண்டர் பலி'. அந்தப் பெயிண்டர் என் தங்கையின் கணவர். உன் வீட்டுக்கும் ஒருமுறை வண்ணம் பூசியவர். "சார், நீங்க எழுதிக் கிளப்புற தூசி வேற, இது சுவரைச் சுரண்டுற தூசி, தள்ளி நில்லுங்க" என்று உன்னையே விரட்டினாரே, அவர்தான்.

அவர் தவறவில்லை. நான்காவது மாடி உயரத்தில், தொங்கும் பலகையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். பலகையைத் தாங்கிய கயிறு அறுந்தது. அது நைந்துபோய்விட்டது என்று மேஸ்திரியிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். "ஒரு சுவர்தானே பாக்கி, சமாளிப்பா" என்பதுதான் கிடைத்த பதில். கூட வேலை செய்த இருவர் இதைக் காதால் கேட்டவர்கள். உன் நிருபர் அவர்களைக் கேட்கவில்லை. ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

இப்போது தொழிலாளர் அதிகாரி விசாரிக்கிறார். ஒப்பந்தக்காரரின் வக்கீல் முதல் நாளே உன் பத்திரிகையைத்தான் நீட்டினார். "பேப்பர்லயே தவறி விழுந்தார்னு போட்டிருக்கு. அப்போ தவறு யார் மேல?" என்று கேட்டாராம். சாட்சி இருவரில் ஒருவர் அன்றே பின்வாங்கிவிட்டார். தங்கை என்னிடம் வந்து, "அண்ணா, நீயும் பேப்பர் ஆபீஸ்ல குப்பை கொட்டினவன்தானே? விழுந்தார்னு மட்டும் போட்டா உங்களுக்கெல்லாம் என்ன குறைஞ்சுடும்?" என்று கேட்டாள்.

நூலகத்துக்குப் போய் ஒரு வருடத்துப் பத்திரிகைகளைப் புரட்டினேன். மூடியில்லாத சாக்கடையில் ஒரு பெண் தவறி விழுந்திருக்கிறாள். துருப்பிடித்த கைப்பிடி கையோடு பெயர்ந்து வந்தபோதும் கிழவர் தவறித்தான் விழுந்தார். இப்படி முப்பத்தொரு பேர். ஓர் அமைச்சர் விழுந்த அன்று மட்டும் உங்கள் தலைப்பு, 'மேடை சரிந்தது'. ஏனடா, அவர் காலுக்கு மட்டும் தனி இலக்கணமா?

உன்னை மட்டும் திட்டிவிட்டுக் கடிதத்தை ஒட்டியிருப்பேன். முடியவில்லை. நாம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்த காலத்தில், ஒருநாள் தலைப்பில் ஒரு சொல் குறைந்து வரி பொக்கை வாய் மாதிரி இளித்தது. 'தவறி' என்று போட்டு நிரப்பியவன் நான். "பள்ளத்துக்கு மண்ணு போட்டுட்டேடா" என்று சிரித்தவன் நீ. அன்றிலிருந்து யார் விழுந்தாலும் அந்த மண்ணை அள்ளிப் போட்டோம். முதலில் அதைப் போட்டது யார் செய்திக்கு என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை மறுபடியும் விசாரணை. அதற்குள் ஒரு திருத்தம் போடு. அதே பக்கம், அதே மூலை, அதே அளவு எழுத்து. வருத்தம் தெரிவிக்க வேண்டாம். அந்தச் சொல்லும் நம் தொழிலில் தேய்ந்துபோனதுதான். இதைப் படித்து என்மீது உனக்கு வரும் கோபத்தை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்.

உன் வீட்டார் எவ்வளவு உயரத்தில் நின்றாலும், அவர்களைத் தாங்குவது உறுதியாக இருக்கட்டும்.

'கயிறு அறுந்து பெயிண்டர் பலி'. எண்ணிப் பார்த்துவிட்டேன். எழுத்து ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. இடம் போதும்.

இப்படிக்கு,
உன் பழைய பக்கத்து நாற்காலி