எம். ரேவதி

ஜூலை 24, வியாழன்.

பள்ளிப் புள்ளிவிவரத்தில் எங்கள் ஏழாம் வகுப்பு கே. ரேவதி இடைநின்றவள். காரணம், படிப்பில் ஆர்வமின்மை. அந்தக் கட்டத்தில் டிக் அடித்தது நான்தான், விசாரிக்காமலே.

இன்று மாலை மதுராந்தகத்தில் அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். சீருடையோடு கதவைத் திறந்தாள் ரேவதி.

"ஸ்கூலுக்குப் போய்க்கினுதான் கீறா டீச்சர்," என்றாள் அவள் அம்மா. "டி.சி. வாங்குனா அவ அப்பன் பேருதான வரும்? அந்தாளே வுட்டுட்டுப் பூட்டான். என் இனிஷியல போட்டு இங்க புதுசா சேத்துட்டேன்."

ஒரே பெண், இரண்டு பதிவு. ஒன்றை நீக்கச் சொல்லி எழுத வேண்டும்.

"எதை எடுப்பீங்க டீச்சர்?" கையில் நோட்டோடு கேட்டாள் ரேவதி.

அதன் அட்டையைப் பார்த்தேன். பெயரைவிட 'எம்' பெரிதாக இருந்தது.